டோக்கியோ அலுவலகத்துக்கு அருகே ஒரு சிறிய ஷின்டோ ஆலயம்: துடக்குக் காலத்தில் உள்ளே போகலாமா?

கடலோரத் தொடர்மாடி (வெள்ளவத்தை) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனது நிறுவனம் அடுத்த மாதத் தொடக்கத்தில் என்னை மூன்று வாரப் பயிற்சிக்காக டோக்கியோவுக்கு அனுப்புகிறது. பயிற்சி நடைபெறும் கட்டடம் நிஹோன்பாஷி என்னும் வணிகப் பகுதியில் இருக்கிறது. தங்குமிடம் நிங்யோச்சோ நிலையத்துக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் இடையே நடந்து போகும் வழியை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது, உயரமான கட்டடங்களுக்கு நடுவே, எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தைவிடச் சிறியதாக, ஜப்பானியரின் மரபுச் சமயமான ஷின்டோவின் ஆலயம் ஒன்று தெரிந்தது. கோஅமி ஆலயம் என்று பெயர். சென்ற வருடம் கொழும்புக்கு வந்திருந்த ஜப்பானிய அலுவலர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தாம் வேலைக்குப் போகும்போது அதன் வாசலில் நின்று தலை வணங்கிவிட்டே போவதாகவும், நான் வரும்போது உள்ளே அழைத்துச் செல்வதாகவும் எழுதியிருக்கிறார்.

எனக்குப் போக விருப்பம்தான். ஆனால் சென்ற வாரம் அப்பம்மா காலமானார். நான் விமானம் ஏறும் நாள் இருபத்து நான்காம் நாளாக இருக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை அப்பா கீரிமலையில் செய்வார். அன்று நான் டோக்கியோவில் இருப்பேன். வீட்டில் சாமியறை விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை. பேருந்தில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலைக் கடக்கும்போது வழக்கமாகத் தானாகவே நெஞ்சுக்கு உயரும் கையைக்கூட இந்த நாள்களில் மடியில் வைத்திருக்கிறேன்.

ஆகவே எனது முதற் கேள்வி இது: ஷின்டோ ஆலயங்களில் துடக்கு என்ற ஒன்று உண்டா? உண்டென்றால் நான் எந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டும், எங்களுடையதையா, அவர்களுடையதையா? இரண்டாவது கேள்வி நடைமுறை பற்றியது. சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா, பூ, பழம், தேங்காய் ஏதாவது கொண்டுபோகும் வழக்கம் உண்டா, மச்சம் சாப்பிட்ட நாளில் போகலாமா, அர்ச்சனை போல எதையாவது சொல்லிச் செய்விக்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். அழைத்தவரைச் சங்கடப்படுத்தவும் விரும்பவில்லை, அப்பம்மாவின் காரியம் முடியுமுன் தவறு செய்யவும் விரும்பவில்லை.

---

ஏழு வருட டோக்கியோ (தெஹிவளை) எழுதுகிறார்:

முதலில் உங்கள் அப்பம்மாவின் மறைவுக்கு எனது அனுதாபங்கள்.

நான் டோக்கியோவில் ஏழு வருடங்கள் வேலை செய்தேன். அதில் இரண்டு வருடங்கள் நிஹோன்பாஷியிலேயே. கோஅமி ஆலயம் எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் வரைபடத்தில் பார்த்து நினைத்ததைவிடவும் அது சிறியது. தெருவின் நடைபாதையை ஒட்டியே தோரி எனப்படும் நுழைவாயில் நிற்கிறது, அதைத் தாண்டிச் சில அடிகள் வைத்தால் காணிக்கைப் பெட்டிக்கு முன்னால் நிற்பீர்கள். கட்டடம் 1929இல் எழுப்பப்பட்ட மரக் கட்டடம். 1945இல் வான்குண்டு வீச்சு டோக்கியோவின் இந்தப் பக்கத்தைச் சாம்பலாக்கியபோது இது தப்பியது. இங்கே தாயத்துப் பெற்றுக்கொண்டு போருக்குப் போனவர்கள் அனைவரும் உயிரோடு திரும்பினார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. ஆபத்தை விலக்கும் தெய்வம் என்ற பெயர் அதனால் வந்தது. அந்தப் பெயரால் இப்போது வார நாள்களிலும் நடைபாதையில் வரிசை நிற்கிறது. வாசற்கூரையின் இரு பக்கமும் மரத்தில் செதுக்கிய நாகங்களைப் போன்ற இரண்டு டிராகன்கள் இருக்கின்றன, ஒன்று மேலேறுகிறது, மற்றது இறங்குகிறது. வரிசையில் நிற்கும் நேரத்தில் அவற்றைப் பாருங்கள்.

இனி நடைமுறை. சப்பாத்தைக் கழற்ற வேண்டியதில்லை. இதை எழுதும்போது எனக்கே இன்னும் கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். வெளியே நின்று கும்பிடுவோர் சப்பாத்தோடுதான் நிற்பார்கள். முன்கூட்டியே சொல்லிப் பூசகரைக் கொண்டு உள் மண்டபத்தில் சடங்கு செய்விப்பவர்கள் மட்டுமே கழற்றுவார்கள். தோரிக்கு முன்னால் நின்று ஒருமுறை தலை வணங்கிவிட்டு நுழையுங்கள். பெரிய ஆலயமாக இருந்தால் பாதையின் நடுவே நடக்காமல் ஓரமாக நடக்க வேண்டும், நடுப்பாதை தெய்வத்துக்குரியது என்பார்கள். கோஅமியில் நடு என்றும் ஓரம் என்றும் பிரிக்க இடமில்லை.

அடுத்தது தண்ணீர். கைப்பிடி நீண்ட அகப்பையை வலது கையில் எடுத்து இடது கையைக் கழுவ வேண்டும், பிறகு கை மாற்றி வலது கையை. மீண்டும் வலது கையில் எடுத்து இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாயைக் கொப்பளித்து, அந்தக் கையை மறுபடி கழுவி, கடைசியில் அகப்பையை நிமிர்த்தி மிச்ச நீர் கைப்பிடி வழியே வடியவிட்டு, வைத்த இடத்திலேயே வைக்க வேண்டும். அகப்பையில் நேரே வாய் வைக்கக்கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செம்பில் எச்சில் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். கொரோனாவுக்குப் பிறகு பல ஆலயங்களில் அகப்பையை எடுத்துவிட்டுக் குழாயிலிருந்து நீர் ஒழுகவிட்டிருக்கிறார்கள். அப்படியானால் கையை நனைத்தால் போதும்.

காணிக்கைக்கு ஐந்து யென் நாணயம் விசேஷம். ஐந்து யென் என்பதற்கான ‘கோ யென்’ என்ற சொல், ‘உறவு, பிணைப்பு’ என்று பொருள்படும் சொல்லைப் போல ஒலிப்பதே காரணம். நாணயத்தை இட்டு, மணி இருந்தால் அதன் கயிற்றை அசைத்து, இடுப்பு வளையும் அளவுக்கு இருமுறை வணங்கி, நெஞ்சின் உயரத்தில் இருமுறை கைதட்டி, கை கூப்பியபடியே மனதுக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லி, மீண்டும் ஒருமுறை வணங்க வேண்டும். இசுமோ போன்ற சில ஆலயங்களில் நான்கு முறை தட்டுவார்கள். உங்களுக்கு இரண்டு போதும். பூ, தேங்காய், கற்பூரம் எதுவும் வேண்டாம். மச்சம் ஒரு பிரச்சினையே இல்லை, அங்கே தெய்வத்துக்குப் படைக்கும் பொருள்களில் மீனும் சாக்கே மதுவும் அடங்கும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். முதன்முதலில் போனபோது நான் கும்பிட்டு முடித்ததும் பழக்க தோஷத்தில் வலம்வரப் புறப்பட்டேன். கட்டடத்தின் பக்கவாட்டில் ஓர் இடுக்கு இருந்தது. அதில் நுழைந்து, பக்கத்துக் கட்டடத்தின் குளிர்சாதன இயந்திரத்தின் வெந்த காற்றில் முகத்தைக் கொடுத்து, திரும்ப இடமில்லாமல் பின்னோக்கி நடந்து வெளியே வந்தபோது, வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் மிக மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துடக்கு உண்டு. குடும்பத்தில் மரணம் நடந்தால் ஐம்பது நாள்களுக்குத் தோரியைக் கடக்க மாட்டார்கள். ஆனால் வெளிநாட்டவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. என்னைக் கேட்டால், உங்கள் நண்பர் அழைத்தால் போய் வாருங்கள்.

---

கொட்டாஞ்சேனை மாமா எழுதுகிறார்:

தம்பிக்கு எனது ஆழ்ந்த அனுதாபங்கள். மேலே எழுதியவர் நடைமுறையை அழகாக விளக்கியிருக்கிறார். ஆனால் அவருடைய கடைசிப் பந்தியோடு நான் உடன்படவில்லை. துடக்கு என்பது வாசலில் நிற்கும் காவலாளி கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல. யாரும் கேட்கவில்லை என்பதற்காகப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குள் நான் துடக்கோடு போவேனா? கேட்காத இடத்தில் தானாக நின்றுகொள்வதுதான் துடக்குக் காப்பது.

அது ஆளோடு வருவது, இடத்தோடு வருவதல்ல. நீங்கள் அந்தக் குடும்பத்தின் மகன் வழிப் பேரன். அப்பா கீரிமலையில் அந்தியேட்டியை முடித்து, வீட்டுக்கிருத்தியமும் நிறைவேறும்வரை நீங்கள் கொழும்பில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும் ஒன்றுதான். முப்பத்தொன்று முடிந்ததும் அங்கேயே தலை முழுகிவிட்டுத் தாராளமாகப் போகலாம். அவர்களுடைய ஐம்பது நாள் அவர்களுக்கு.

ஆலயம் சிறியது என்று தயங்க வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையார் எவ்வளவு இடத்தில் இருக்கிறார்? யாழ்ப்பாணத்துக்குப் போகும் வாகனம் எதுவாக இருந்தாலும் சாரதி எந்த மதத்தவராக இருந்தாலும் ஏ9 வீதியில் அங்கே நிற்காமல் போவதில்லை. இன்னொன்றையும் கேள்விப்பட்டிருக்கிறேன். தம்பி போகவிருக்கும் கோஅமி ஆலயத்தில் பென்தென் என்ற தேவியும் இருக்கிறாள், அவள் வேறு யாருமல்ல, எங்கள் சரஸ்வதிதான். ஆகவே அந்நிய இடம் என்ற எண்ணமும் வேண்டாம்.

---

மொழி ஆசிரியை (பம்பலப்பிட்டி) எழுதுகிறார்:

நான் கொழும்பில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். என் மாணவர்கள் பலர் இதே கேள்வியோடு வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இருவரும் சொன்னவற்றில் பெரும்பகுதி சரி, ஆனால் இரண்டு இடங்களில் திருத்தம் தேவை.

முதலாவது, நாள் கணக்கு. ஷின்டோவில் மரணத்தால் வரும் நிலைக்கு ‘கெகாரே’ என்று பெயர். இதைப் பாவம் என்றோ அசுத்தம் என்றோ மொழிபெயர்ப்பதைவிடத் துடக்கு என்ற எங்கள் சொல்லே மிக அண்மையாகப் பொருந்துகிறது. செய்த குற்றத்துக்காக அல்லாமல், நெருங்கிய ஒருவர் போனதால் வீட்டின் மீது படர்ந்து, குறித்த நாள் சென்றதும் விலகும் ஒன்று அது. அந்த நாள்களில் ஷின்டோ வீடுகளில் சாமித்தட்டை வெள்ளைக் காகிதத்தால் மூடிவைப்பார்கள். உங்கள் சாமியறையில் விளக்கேற்றாதிருப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள் அல்லவா, அதுபோலத்தான். மரணச் சடங்கிலிருந்து வீடு திரும்புவோர் உள்ளே நுழையுமுன் தம்மீது உப்பைத் தூவிக்கொள்வதும் உண்டு. நாங்கள் கிணற்றடியில் முழுகிவிட்டு உள்ளே வருகிறோம். ஒரு வருடத்துக்குள் புத்தாண்டு வந்தால் வாழ்த்தட்டை அனுப்ப மாட்டார்கள். நாங்கள் ஆட்டைத் திவசம்வரை தீபாவளியையும் பொங்கலையும் கொண்டாடாமல் விடுகிறோம்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஐம்பது நாள் எல்லா உறவுக்கும் ஒரே அளவானதாக வந்ததல்ல என்பதே. ஜப்பானின் அன்றைய மெய்ஜி அரசு 1874இல் வெளியிட்ட துடக்குப் பட்டியலில் தாய் தந்தைக்கு 50 நாள், தந்தைவழிப் பாட்டன் பாட்டிக்கு 30 நாள் என்று தனித்தனியே வகுத்திருந்தார்கள். அதற்கு மேல் துக்கம் காக்கும் காலமாகப் பெற்றோருக்கு 13 மாதமும் தந்தைவழிப் பாட்டன் பாட்டிக்கு 150 நாளும் குறிக்கப்பட்டன. இன்று அதற்குச் சட்ட வலு இல்லை. பொதுவாக ஐம்பது நாளையே மேல் எல்லையாகச் சொல்கிறார்கள், உறவின் நெருக்கத்தைப் பொறுத்துக் குறைத்துச் சொல்லும் ஆலயங்களும் இருக்கின்றன. ஆக, அப்பம்மாவுக்கு அந்தப் பழைய பட்டியலின் கணக்கு முப்பது, எங்கள் கணக்கு முப்பத்தொன்று. எந்தக் கணக்கை ஏற்பது என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு, கூடிய கணக்கை ஏற்றால் இரண்டும் நிறைவேறிவிடும் என்பதே எனது பதில். அதுவரை தோரிக்கு வெளியே நின்று தலை வணங்கலாம். உங்கள் நண்பரிடம் ‘மொச்சூ’ என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், துக்கத்தில் இருக்கிறேன் என்று பொருள். அதற்குமேல் விளக்கம் கேட்க மாட்டார், சங்கடப்படவும் மாட்டார். அங்குள்ளவர்களே அப்படி நிற்பதுண்டு.

இரண்டாவது, கொட்டாஞ்சேனை ஐயா சொன்ன சரஸ்வதி. பென்தென் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பென்சைதென் என்ற தேவியின் வேர் சரஸ்வதிதான், இதில் ஐயமில்லை. பௌத்த சூத்திரங்களோடு சீனா வழியாக ஜப்பானுக்கு வந்தாள், கையில் வீணைக்குப் பதிலாகப் பிவா என்ற நரம்பு வாத்தியம் இருக்கிறது. ஆனால் 1868இல் மெய்ஜி அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தபோது, பௌத்தத் தெய்வம் ஷின்டோ ஆலயத்தில் இருக்கக் கூடாது என்ற நிலை வந்தது. பல ஆலயங்களில் அதே தேவிக்கு இச்சிகிஷிமாஹிமே என்ற ஜப்பானியத் தெய்வத்தின் பெயர் உரியதாயிற்று. கோஅமியிலும் அந்தப் பெயரில்தான் வணங்கப்படுகிறாள், மக்கள் வாயில் மட்டும் இன்னும் பென்தென். எனவே ‘எங்கள் சரஸ்வதி’ என்று உங்கள் நண்பரிடம் அறிமுகப்படுத்தாதீர்கள். நூற்றாண்டுகளாக வேறு வீட்டில் வாழ்ந்து பிள்ளை குட்டி பெற்றவளைப் பிறந்த வீட்டார் வந்து பெயர் சொல்லி அழைப்பது போல இருக்கும். அங்கே அவள் கல்விக்கு மட்டுமல்ல, செல்வத்துக்கும் உரியவள். அதனால்தான் கோஅமி வளாகத்தில் நாணயம் கழுவும் சிறு கிணறு இருக்கிறது. கழுவிய காசைச் செலவழிக்காமல் பணப்பையில் வைத்திருப்பார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு நல்ல வழி பிறக்கிறது. துடக்கு நாள்களில் ஷின்டோ ஆலயத்துக்குத்தான் போகக் கூடாது. பௌத்த விகாரைக்குத் தடையே இல்லை. ஜப்பானில் மரணச் சடங்குகளில் மிகப் பெரும்பாலானவை பௌத்த முறையிலேயே நடைபெறுவதால், இறப்பு அங்கே விலக்கப்பட்டதல்ல. உவேனோவில் ஷினோபாசு குளத்தின் நடுவே பென்தென்தோ என்ற எண்கோண வடிவ மண்டபம் இருக்கிறது, அது கானெயி-ஜி என்ற விகாரையைச் சேர்ந்தது. குளத்தின் ஒரு பகுதி முழுவதும் தாமரை. முப்பத்தொன்றுக்கு முன் அப்பம்மாவை நினைத்து எங்காவது நிற்க வேண்டும் என்று தோன்றினால் அங்கே போங்கள். சரஸ்வதி அங்கே ஏறத்தாழத் தன் சொந்தப் பெயரிலேயே இருக்கிறாள். நிங்யோச்சோவிலிருந்து சுரங்க ரயிலில் ஒரே வழித்தடம்தான். அங்கே கைதட்டக் கூடாது, கூப்பிய கையோடு வணங்குவது மட்டுமே. தட்டுவது ஷின்டோ ஆலயத்துக்குரியது.

கடைசியாக ஒன்று. ஷின்டோ ஆலயத்தில் திருவுருவத்தைத் தேடாதீர்கள். உட்கருவறையில் ஒரு கண்ணாடியோ வாளோ கல்லோ தெய்வத்தின் இருப்பிடமாக வைக்கப்பட்டிருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. கதிர்காமத்தில் ஓவியத் திரைக்கு முன்னால் நின்று, உள்ளே கப்புறாளை மட்டும் போய்வருவதைப் பார்த்தபடி கும்பிட்டிருப்பீர்கள் என்றால் உங்களுக்கு அது புதிதாக இருக்காது. கண்ணுக்குத் தெரிவது வாசலில் இருக்கும் காவல் விலங்குகள்தான். பெரும்பாலான ஆலயங்களில் அவை இணையாக இருக்கும், ஒன்று வாய் திறந்து, மற்றது வாய் மூடி. திறந்த வாயின் ஒலி ‘அ’, மூடிய வாயின் ஒலி ‘உன்’. சமஸ்கிருத எழுத்துகளின் முதலும் முடிவும் பௌத்தத்தோடு வந்து அங்கே கல்லாக உட்கார்ந்திருக்கின்றன.

---

கொச்சிக்கடை வாசி எழுதுகிறார்:

நான் கத்தோலிக்கன். இரண்டு வருடங்களுக்கு முன் வேலை நிமித்தம் போனபோது எனக்கும் இதே தயக்கம் இருந்தது, காரணம் மட்டும் வேறு. என்னோடு வந்தவர்கள் காசு போட்டுக் கைதட்டியபோது நான் ஓரமாக நின்று தொப்பியைக் கழற்றித் தலையைச் சற்றுத் தாழ்த்தினேன், அவ்வளவுதான். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் புனித அந்தோனியார் ஆலயத்துக்கு வரும் இந்துக்களையும் பௌத்தர்களையும் சிறு வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். சிலர் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், சிலர் பின்னால் நின்றுவிட்டுப் போவார்கள், இருவரையும் ஒரே மாதிரித்தான் ஏற்றுக்கொள்கிறோம். ஆகவே துடக்கு முடிந்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் பார்த்துவிட்டு மட்டும் வரலாம்.

ஆலயங்களைத் தேடும்போது மேலேயும் பாருங்கள். நிஹோன்பாஷி மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியின் கூரையில் மிமெகுரி ஆலயத்தின் கிளை ஒன்று இருக்கிறது; மிட்சுகோஷியைத் தொடங்கிய மிட்சுயி குடும்பத்தின் காவல் தெய்வமாம். மின்தூக்கியில் ஏறிப் போய்க் கும்பிடும் கோயிலை நான் அதற்கு முன் கண்டதில்லை.

---

கடலோரத் தொடர்மாடி எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். நடந்ததை எழுதுவது நியாயம் என்று நினைக்கிறேன்.

முதல் வாரம் முழுவதும் காலையில் ஆலயத்தின் வழியேதான் நடந்தேன். ஆசிரியை சொன்ன சொல்லை முதல் நாளே நண்பரிடம் சொன்னேன். யார் என்று கேட்டார், அப்பாவின் தாயார் என்றேன், ஒருமுறை தலை வணங்கினார். அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் அவர் தோரிக்கு வெளியே நின்று வணங்குவதோடு நிறுத்திக்கொண்டதால், இருவரும் நடைபாதையில் அருகருகே நின்றுவிட்டு வேலைக்குப் போனோம். உள்ளே போகும்படி நான் சொல்லியும் அவர் கேட்கவில்லை. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை உவேனோவுக்குப் போய், தாமரைக் குளத்தருகே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். கைதட்டவில்லை.

முப்பத்தோராம் நாள் அப்பாவிடமிருந்து செய்தி வரும்போது டோக்கியோவில் பிற்பகல் மூன்று மணி ஆகியிருந்தது, கீரிமலையில் பதினொன்றரை. பயிற்சி முடிந்ததும் தங்குமிடத்துக்குப் போய்த் தலை முழுகிவிட்டு ஈரத் தலையோடு ஆலயத்துக்கு வந்தேன். நண்பர் வாசலில் நின்றார். தண்ணீரும் காசும் வணக்கமும் நீங்கள் எழுதியபடியே நடந்தன. கைதட்டும் ஓசை மட்டும் நான் எண்ணியதைவிடப் பலமாகக் கேட்டது, பின்னால் ஓடிக்கொண்டிருந்த வாகன இரைச்சலையும் மீறி. பக்கவாட்டு இடுக்கையும் பார்த்தேன். உள்ளே போகவில்லை.

தாயத்து வழங்கும் சாளரம் அன்று மூடியிருந்ததால் மறுநாள் மதியம் மீண்டும் போய் அப்பாவுக்கு ஒன்று வாங்கினேன். பையைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கக் கூடாது என்றும், ஒரு வருடம் சென்றதும் ஆலயத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் நண்பர் சொன்னார். அப்பா இப்போது அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆட்டைத் திவசம் முடியும் வேளையில் இதற்கும் வருடம் நிறைந்துவிடுமே, யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார். இதற்கும் யாராவது வழி சொல்ல முடியுமா?

---

மொழி ஆசிரியை எழுதுகிறார்:

தாமதமானால் தெய்வக் குற்றம் எதுவும் இல்லை, அப்பாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பல ஆலயங்கள் பழைய தாயத்துகளைத் தபாலிலும் பெற்றுக்கொள்கின்றன. நேரில் போக முடியாதவர்கள் அருகிலுள்ள வேறு ஷின்டோ ஆலயத்தில் சேர்ப்பதும் உண்டு, ஆனால் வாங்கிய இடத்திலேயே கொடுப்பது சிறந்தது. ஒவ்வொரு வருடமும் என் மாணவர்களில் யாராவது டோக்கியோவுக்குப் போகிறார்கள். திவசம் முடிந்ததும் ஒரு வெள்ளைக் கடித உறையில் இட்டு, ஆலயத்தின் பெயரை எழுதி வையுங்கள். போகிறவரைக் கேட்டுச் சொல்கிறேன்.